சும்மாதான்!



நம்ம வீடுகளில் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் அதிகமாகப் புழங்குகிற சொல் எது? "சாப்பிட்டியா" என்று சிலர் சொல்வீர்கள். "வைஃபை ஏன் மெதுவா இருக்கு" என்றும் சிலர் சொல்லலாம். எனக்கு என்னவோ "சும்மா" என்ற சொல்தான் முதல் இடம் என்று தோன்றுகிறது.

"என்னடா இவ்வளவு நேரமா போன்ல?"
"சும்மா பார்த்துக்கிட்டு இருக்கேன்மா."

"இது என்ன, இன்னொரு பார்சல்?"
"சும்மாதான்பா, மலிவா போட்டிருந்தான்."

"அந்த வீடியோவை ஏன் குடும்ப குரூப்ல போட்ட?"
"சும்மா, எல்லாரும் பார்க்கட்டும்னு."

கவனிச்சீங்களா? முதல் சும்மாவில் போனது நேரம். இரண்டாவது சும்மாவில் போனது காசு. மூன்றாவது சும்மாவில் போனது இன்னொருத்தருடைய மானமாகவும் இருக்கலாம். சொல் ரொம்பச் சின்னது. அது கொண்டுபோகிறது சின்னது இல்லை. இந்த மாதம் இந்த மூன்று சும்மாவையும் நம்ம சமயத்தின் வெளிச்சத்தில் கொஞ்சம் பார்ப்போம்.

இரண்டு சும்மா

தமிழில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வெட்டியாக இருப்பவனையும் "சும்மா இருக்கிறான்" என்கிறோம். ஞானத்தின் உச்சிக்குப் போனவரையும் "சும்மா இருக்கிறார்" என்றே நம் பெரியவர்கள் சொன்னார்கள். திருவண்ணாமலையில் முருகப்பெருமான் அருணகிரிநாதரை ஆட்கொண்ட கதை உங்களுக்குத் தெரியும். வாழ்க்கையை வீணடித்து, மனம் வெறுத்து, கோபுரத்திலிருந்து குதித்தவரைத் தாங்கிப் பிடித்த முருகன் அவருக்குக் கொடுத்த உபதேசமே சும்மா இருக்கும் நிலைதான் என்பது நம் மரபு. அந்த அருணகிரியார் பிறகு திருப்புகழ் பாடினார், ஊர் ஊராகப் போய்ப் பாடினார். சும்மா இருக்கச் சொல்லப்பட்டவர் சோம்பேறி ஆகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் இந்த இரண்டு சும்மாவுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றில் உடம்பு சோபாவில் கிடக்கிறது, மனம் நாயாய் அலைகிறது. இன்னொன்றில் உடம்பு வேலை செய்துகொண்டே இருந்தாலும் மனம் ஓர் இடத்தில் அமர்ந்திருக்கிறது. நாம் கையில் போனை வைத்துக்கொண்டு "சும்மா இருக்கேன்" என்று சொல்லும்போது உண்மையில் சும்மாவே இல்லை. பத்து நிமிஷத்தில் ஒரு கல்யாணம், ஒரு விபத்து, ஒரு சமையல், ஒரு சண்டை, ஒரு நாய்க்குட்டி, ஒரு அரசியல்வாதி என்று மனம் ஓடி ஓடிக் களைத்துப் போகிறது. அதனால்தான் இரண்டு மணி நேரம் "ரெஸ்ட்" எடுத்த பிறகும் எழுந்திருக்கும்போது உடம்பு அசதியாக இருக்கிறது.

முதல் சும்மா: பார்ப்பது

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் சும்மா பார்த்தால் ஒரு வருஷத்துக்கு 730 மணி நேரம். அதை 24-ஆல் வகுத்தால் 30 நாளுக்கு மேல் வருகிறது. வருஷத்தில் ஒரு முழு மாதம், ராத்திரி பகல் தூங்காமல், திரையைத் தள்ளிக்கொண்டே இருந்ததற்குச் சமம். இரண்டு மணி நேரம் என்பது நம்மில் பலருக்குக் குறைவான கணக்கு என்பதும் உங்களுக்கே தெரியும்.

இதில் உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் திரை அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. பழைய இணையப் பக்கத்திலும் கீழே போனால் "அடுத்த பக்கம்" என்று ஒரு பட்டன் இருக்கும். அங்கே கை ஒரு நொடி நிற்கும், மனம் "போதும்" என்று சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைக்கும். 2006-இல் ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் அந்தப் பட்டனை எடுத்துவிட்டு, தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் முறையை உருவாக்கினார். வசதிக்காகச் செய்தது. பிறகு அது மக்களை என்ன செய்கிறது என்று பார்த்து அவரே வெளிப்படையாக வருத்தப்பட்டார். அடியே இல்லாத கிணற்றில் வாளியை விட்டால் கயிறு போய்க்கொண்டேதான் இருக்கும்.

இப்போது திருநின்றவூருக்குப் போவோம். சென்னைக்குப் பக்கத்தில் இன்றைக்கும் இருக்கிற ஊர். அங்கே பூசலார் என்று ஓர் அடியார். சிவபெருமானுக்கு ஒரு கோயில் கட்ட ஆசைப்பட்டார். கையில் காசு இல்லை. கேட்டுப் பார்த்தார், கிடைக்கவும் இல்லை. நாமாக இருந்தால் "நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை" என்று விட்டிருப்போம். அவர் மனத்துக்குள்ளேயே கட்ட ஆரம்பித்தார். கல், மரம், தச்சர் எல்லாம் மனத்தில் சேர்த்தார். நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார். கருவறை, விமானம், மதில், கிணறு, குளம் என்று ஒன்றுவிடாமல் ஆகம முறைப்படி பல நாள் கட்டினார். குடமுழுக்குக்கும் நாள் குறித்தார்.

அதே சமயம் காஞ்சிபுரத்தில் பல்லவ மன்னன் பெரிய கற்கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் பார்த்திருந்தான். இன்று கைலாசநாதர் கோயில் என்று நாம் பார்ப்பது அதைத்தான் என்பது அறிஞர்களின் கருத்து. குடமுழுக்குக்கு முந்திய இரவில் சிவபெருமான் மன்னன் கனவில் வந்தார். நாளைக்கு அன்பன் பூசல் கட்டிய கோயிலில் நான் குடியேறுகிறேன், உன் விழாவை வேறு நாளுக்குத் தள்ளி வை என்றார். மன்னன் திருநின்றவூருக்கு ஓடி வந்து, பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று கேட்டான். ஊரில் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவரையே பார்த்து, நடந்ததைக் கேட்டு, அவர் காலில் விழுந்தான்.

இந்தக் கதையைச் சமய வகுப்பில் பத்து தடவை கேட்டிருப்பீர்கள். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பூசலாரிடம் என்ன மூலதனம் இருந்தது? பணம் இல்லை, ஆள் பலம் இல்லை, நிலம் இல்லை. கவனம் ஒன்றுதான் இருந்தது. நேற்று எந்தக் கல்லில் விட்டோமோ, இன்றைக்கு அந்தக் கல்லிலிருந்து தொடர்கிற கவனம். அந்த ஒன்றை வைத்து ராஜாவின் கோயிலை விட உயர்ந்ததைக் கட்டினார். அதே மூலதனம் நம்ம எல்லாரிடமும் இருக்கிறது. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே அளவாக இறைவன் கொடுத்தது அது. அதைத்தான் நாம் பதினைந்து பதினைந்து விநாடியாகக் கிள்ளிக் கிள்ளி யாரோ ஒரு கம்பெனிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பூசலார் கையில் ஒரு ஸ்மார்ட்போன் இருந்திருந்தால் அந்தக் கோயில் அடித்தளத்தோடு நின்றிருக்குமோ என்னவோ!

பத்துமலைத் தைப்பூசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1892-ஆம் ஆண்டிலிருந்து அங்கே கொண்டாடுகிறோம். 272 படி ஏறி, மூச்சு வாங்கி, கூட்டத்தில் நசுங்கி, சன்னிதிக்கு முன்னால் போய் நிற்கக் கிடைப்பது சில விநாடிகள். தீபாராதனை காட்டும் நேரத்தில் என்ன நடக்கிறது? கை கூப்ப வேண்டிய இடத்தில் கை போனைத் தூக்குகிறது. முருகன் முன்னால் நிற்கிறான், நாம் சின்னத் திரையில் அவனைப் பார்க்கிறோம். அந்த வீடியோவை வீட்டுக்குப் போய் எத்தனை பேர் திரும்பப் பார்த்தீர்கள்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

"அப்போ போனைத் தூக்கிப் போட்டுடணுமா?" என்று யாரோ கேட்பது காதில் விழுகிறது. வேண்டாம். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஆலயக் கதவெல்லாம் மூடியபோது, அந்தச் சின்னத் திரை வழியாகத்தானே பூசையைப் பார்த்தோம், தேவார வகுப்பு நடத்தினோம், ஊரில் இருந்த தாத்தாவிடம் பேசினோம்? கத்தி காய் வெட்டவும் உதவும், கையை வெட்டவும் செய்யும். கடோபநிடதம் நம் உடம்பை ஒரு தேராகச் சொல்கிறது. புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி தேரோட்டி, ஆன்மா உள்ளே அமர்ந்திருப்பவர். குதிரை இல்லாமல் தேர் போகாது. ஆனால் கடிவாளம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. நோட்டிஃபிகேஷன் சத்தம் கேட்டவுடனே கை தானாகப் போகிறதென்றால், கடிவாளம் நம் கையில் இல்லை.

இரண்டாவது சும்மா: செலவு

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம். நம்ம சமயம் காசை வெறுக்கச் சொல்லவில்லை. அறம், பொருள், இன்பம், வீடு என்ற நான்கில் பொருளும் ஒன்று. ஆனால் அதற்கு முன்னால் அறம் நிற்கிறது, பாருங்கள். வரிசையை மாற்றினால்தான் வம்பு.

இன்றைக்குக் காசு கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தக் காலத்தில் பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு வெள்ளியை எடுக்கும்போது, அந்த முடிச்சை அவிழ்க்கிற நேரமே ஒரு யோசனை நேரம். இப்போது கியூஆர் கோடைக் காட்டினால் 'டிங்' என்று ஒரு சத்தம், முடிந்தது. அதற்கும் மேலே ஒன்று வந்திருக்கிறது: இப்போ வாங்கு, பிறகு கட்டு.

ஒரு தம்பியை வைத்துக் கணக்குப் போடுவோம். இப்போதுதான் வேலையில் சேர்ந்திருக்கிறான். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி பிடித்த பிறகு கையில் சுமார் 1,500. சப்பாத்துக்கு மாதம் 40 வெள்ளி. போனுக்கு 135. காதில் மாட்டுகிறதுக்கு 30. கச்சேரி டிக்கெட்டுக்கு 60. மோட்டார் சைக்கிள் ரிம்முக்கு 85. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் "சும்மா, சின்னக் காசுதானே". கூட்டினால் 350 வெள்ளி. சம்பளத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு, மாதம் பிறப்பதற்கு முன்பே போய்விட்டது. இன்னும் வாடகை இல்லை, எண்ணெய் இல்லை, சாப்பாடு இல்லை, அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. மாதக் கடைசியில் கைமாற்று. கைமாற்று கிடைக்காதபோது விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கிற ஆலோங் நம்பர். அப்புறம் வீட்டு கேட்டில் சிவப்புச் சாயம். ஒரு ரிம்மில் ஆரம்பித்தது அம்மா ராத்திரி தூங்க முடியாத நிலைக்கு வந்து நிற்கிறது. இது கதை இல்லை என்பது தாமானில் இருக்கிற உங்களுக்கே தெரியும்.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. காசு முடையாக இருக்கிற சமயம் பார்த்து ஒரு நண்பன் வருவான். "டேய், உன் ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் கொடு. நீ ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா மாசம் 300 வெள்ளி வரும்." அதைத்தான் மியூல் அக்கவுண்ட், கழுதைக் கணக்கு என்கிறார்கள். பொருத்தமான பேர்தான். முதுகில் இருக்கிற பொதியில் என்ன இருக்கிறதென்று கழுதைக்குத் தெரியாது. அந்தப் பொதியில் இருப்பது யாரோ ஒரு பாட்டியை "போலீஸ் பேசுறோம்" என்று மிரட்டிப் பிடுங்கிய சேமிப்பாக இருக்கும். போலீஸ் வரும்போது ஏமாற்றியவனைத் தேடிப் போகாது; கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அந்த வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டும். 2024-இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி இதைத் தனிக் குற்றமாகவே ஆக்கியிருக்கிறார்கள். "எனக்குத் தெரியாது சார், சும்மா கொடுத்தேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இங்கே அமர்நீதி நாயனாரை நினைக்க வேண்டும். பழையாறையில் பெரிய வணிகர். பொன், மணி, பட்டு எல்லாம் விற்றுச் செல்வம் சேர்த்தவர். திருநல்லூரில் மடம் கட்டி, வருகிற அடியார்களுக்குச் சாப்பாடு போட்டு, உடையும் கோவணமும் கொடுத்து வந்தார். ஒரு நாள் சிவபெருமானே பிரம்மச்சாரி வேடத்தில் வந்தார். தடியில் இரண்டு கோவணம். "நான் குளித்துவிட்டு வருகிறேன், இந்த ஒன்றைப் பத்திரமாக வைத்திரு" என்று கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து கேட்கும்போது வைத்த இடத்தில் அது இல்லை! புதுசு தருகிறேன் என்றார் நாயனார். வந்தவர் விடவில்லை, மிச்சம் இருக்கிற இந்தக் கோவணத்துக்குச் சமமான எடை கொடு என்றார். தராசு வந்தது. ஒரு தட்டில் அந்தக் கோவணம். மறு தட்டில் கோவணங்கள், துணிகள், வெள்ளி, பொன் என்று வீட்டில் இருந்த செல்வம் முழுவதும் ஏறியது. தட்டு அசையவில்லை. கடைசியில் நாயனார், அவர் மனைவி, மகன் மூவரும், நாங்கள் செய்த தொண்டு பிழையில்லாதது என்றால் தட்டு நேராகட்டும் என்று சொல்லி ஏறி நின்றார்கள். தட்டு நேராக நின்றது.

இதில் எனக்குப் பிடித்த இடம் இரண்டு. காணாமல் போனது ஒரு துண்டுத் துணி. ஆனால் நம்பிக் கொடுத்தது. நம்பிக்கைக்கு விலை போட்டால் கடையிலுள்ள எல்லாப் பொன்னும் போதாது. உங்கள் வங்கிக் கணக்கில் உங்கள் பேரும், உங்கள் பேரோடு அப்பாவின் பேரும் இருக்கிறது. அது உங்களிடம் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுக்கப்பட்ட பொருள். 300 வெள்ளிக்கு வாடகைக்கு விடுகிற பொருள் இல்லை.

இரண்டாவது இடம் இன்னும் முக்கியம். கடைசியில் அமர்நீதியார் தனியாகத் தட்டில் ஏறவில்லை. வீடே சேர்ந்து ஏறியது. அப்பாவுக்கு வந்த சோதனையில் அம்மாவும் பிள்ளையும் பக்கத்தில் நின்றார்கள். நம்ம வீட்டில் ஒருவருக்குக் கடன் தொல்லை வந்தால் என்ன செய்கிறோம்? மறைக்கிறோம். அப்பாவுக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று பிள்ளை மறைக்கிறான். பிள்ளை கவலைப்படுவான் என்று அப்பா மறைக்கிறார். ஆலோங்குக்கும் ஸ்கேமருக்கும் இந்த மறைப்புதான் சோறு போடுகிறது. தவறு நடந்துவிட்டால் அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். திட்டு ஒரு ராத்திரியில் முடியும், வட்டி முடியாது. பணம் மோசடியில் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே வங்கிக்கும் 997 என்ற தேசிய மோசடி தடுப்பு எண்ணுக்கும் அழையுங்கள். நேரம் ஆக ஆகப் பணம் கைமாறிப் போய்விடும்.

மூன்றாவது சும்மா: வம்பு

மூன்றாவது சும்மா கொஞ்சம் கசப்பானது. நெடுஞ்சாலையில் எதிர்ப்பக்கம் ஒரு விபத்து. இந்தப் பக்கம் ரோடு காலி. ஆனாலும் இரண்டு கிலோமீட்டர் ஜாம். ஏன்? எல்லாரும் மெதுவாகப் போய் எட்டிப் பார்க்கிறார்கள். உதவி செய்ய இல்லை, சும்மா. சிலர் போனையும் வெளியே நீட்டுகிறார்கள். அடிபட்டுக் கிடப்பவரின் மகளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்துவிடுகிறது.

யாரோ ஒரு பெண்பிள்ளையின் படம், யாரோ ஒரு குடும்பச் சண்டை, யாரோ ஒருவன் அழுவது. "யார்னு தெரியுமா?" "நம்ம ஊரா?" "முழு வீடியோ இருக்கா?" நமக்கு அவர்மேல் பகை ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான். ஆனால் அனுப்புகிற ஒவ்வொரு கையும் ஒரு கல். ஆயிரம் பேர் "சும்மா" ஒரு கல் போட்டால் கீழே இருப்பவர் பிழைப்பாரா?

ஆசையோடு கேள்வி கேட்பது தப்பு என்று நம் சமயம் சொல்லவே இல்லை. உபநிடதமே கேள்வி பதில்தான். நசிகேதன் என்ற பையனைப் பாருங்கள். அவன் அப்பா வாஜசிரவஸ் பெரிய வேள்வி செய்தார், தானம் கொடுத்தார். ஆனால் கொடுத்ததெல்லாம் பால் வற்றிய கிழட்டுப் பசுக்கள். பையனுக்கு மனசு கேட்கவில்லை. "அப்பா, என்னை யாருக்குக் கொடுக்கப் போறீங்க?" என்று மூன்று முறை கேட்டான். அப்பாவுக்குக் கோபம். "உன்னை எமனுக்குக் கொடுக்கிறேன், போ" என்று சொல்லிவிட்டார். பையன் போயே விட்டான். எமன் வீட்டில் இல்லை. மூன்று ராத்திரி சாப்பாடு இல்லாமல் வாசலிலேயே காத்திருந்தான். வந்த எமன் மனம் வருந்தி மூன்று வரம் கொடுத்தான். மூன்றாவது வரமாக, இறப்புக்குப் பிறகு என்ன என்று நசிகேதன் கேட்டான்.

எமன் சொல்ல மறுத்தான். பதிலுக்கு எதையெல்லாம் நீட்டினான் தெரியுமா? நூறு வயது வாழும் பிள்ளைகள், யானை, குதிரை, பொன், நிலம், தேரில் வரும் அழகிகள், இசை. இன்றைய போன் திரை நமக்கு நீட்டுகிற பட்டியலும் ஏறக்குறைய அதேதான்! நசிகேதன் எதையும் தொடவில்லை. இதெல்லாம் நாளைக்கு இருக்குமா என்று தெரியாது, என் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் என்று நின்றான். எமனே மகிழ்ந்து உபதேசம் செய்தான்.

நசிகேதனுக்கும் ஆர்வம்தான், நெடுஞ்சாலையில் எட்டிப் பார்க்கிறவனுக்கும் ஆர்வம்தான். ஒருவன் தெரிந்துகொண்ட பிறகு மாறினான். இன்னொருவன் தெரிந்துகொண்ட பிறகு அடுத்த வீடியோவுக்குப் போனான். இனிமேல் எதையாவது தோண்டிப் பார்க்கக் கை துடிக்கும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது தெரிந்தால் நான் யாருக்காவது உதவப் போகிறேனா? நான் கொஞ்சமாவது திருந்தப் போகிறேனா? இரண்டும் இல்லையென்றால் அது கல்வி இல்லை, வம்பு.

முதல் வரம் வீட்டுக்கு

நசிகேதன் கேட்ட முதல் வரம் என்ன என்று சொல்லாமல் விட்டேன். எமன் முன்னால் நிற்கும் பையன், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். முதலில் அவன் கேட்டது, "என் அப்பா கோபம் தணிந்து, மனசு அமைதியாகி, நான் திரும்பிப் போகும்போது என்னை அடையாளம் கண்டு அன்போடு பேச வேண்டும்" என்பதுதான். ஞானம் மூன்றாவது வரம். வீடு முதல் வரம்.

அதனால் நாமும் வீட்டிலிருந்தே ஆரம்பிப்போம். பெரிய சபதம் வேண்டாம். பெரிய சபதமெல்லாம் தைப்பூசத்துக்கு மறுநாளே கரைந்துவிடுகிறது. நாலே நாலு காரியம்.

ஒன்று. சாயங்காலம் சாமி மேடையில் விளக்கு வைத்ததிலிருந்து ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை வீட்டிலுள்ள எல்லாப் போனும் ஒரு கூடையில் இருக்கட்டும். எல்லாப் போனும் என்றால் அப்பாவுடையதும் சேர்த்துத்தான். "நீங்களும் வைங்கப்பா" என்று மரியாதையாகச் சொல்லுங்கள்; முதலில் உங்களுடையதை வைத்துவிட்டுச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் சாப்பாட்டு மேசை அமைதியாக, சங்கடமாக இருக்கும். நாலு நாளில் யாராவது பேச ஆரம்பிப்பார்கள்.

இரண்டு. அவசியம் இல்லாத பொருளை இன்றைக்குப் பிடித்திருந்தால் நாளைக்கு மறுநாள் வாங்குங்கள். இருக்கிற தவணை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, கூட்டி, வீட்டில் பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். எழுதிப் பார்த்தாலே பாதி ஆசை அடங்கும்.

மூன்று. உங்களுக்குத் தெரிந்த தொழில்நுட்பத்தைத் தொண்டு ஆக்குங்கள். பாட்டிக்கும் தாத்தாவுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, போலீஸ்னு சொல்லி யார் போன் பண்ணாலும் கட் பண்ணிட்டு எனக்கு அடிங்க. வங்கியிலேருந்து யாரும் நம்பர் கேக்க மாட்டாங்க" என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். ஒரு தடவை சொன்னால் மறந்துவிடுவார்கள். நமக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்தபோது அவர்கள் ஒரு தடவையோடு நிறுத்தவில்லை.

நாலு. தூங்கப் போகும் முன் பத்து நிமிஷம் உண்மையாகவே சும்மா இருங்கள். எப்படி இருப்பது என்று தெரியாவிட்டால் பூசலாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடி, உங்கள் தாமான் கோயிலை மனத்தில் கட்டுங்கள். வாசலில் கால் கழுவும் குழாயிலிருந்து ஆரம்பியுங்கள். கோபுரம், கொடிமரம், பலிபீடம், பிள்ளையார் சன்னிதி, எண்ணெய் வாசனை, மணிச் சத்தம் என்று மெல்ல உள்ளே போங்கள். முதல் நாள் கொடிமரத்தைத் தாண்டுவதற்குள் மனம் ஷாப்பிங்குக்கு ஓடிவிடும். திட்டாதீர்கள். கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டி வாருங்கள். ஒரு மாதத்தில் கருவறை வரைக்கும் போய்விடலாம்.

அப்புறம் ஒரு நாள் அம்மா வந்து, "என்னடா, விளக்கை அணைச்சிட்டு உட்கார்ந்திருக்க, என்ன பண்ற?" என்று கேட்பார். அப்போது தைரியமாகச் சொல்லுங்கள்: "சும்மா இருக்கேன்மா." அன்றைக்கு அந்தச் சொல் உண்மையாக இருக்கும்.

எல்லாருடைய வீட்டிலும் விளக்கு எரியட்டும். எல்லாம் வல்ல இறைவன் துணை நிற்பான்.

திருச்சிற்றம்பலம்.